செட்டித் தெருவின் கிட்டங்கி ஒன்றுக்கு வரலாறு எழுதுவது எப்படி

சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் இன்று கேப்பிட்டாஸ்பிரிங் என்ற 51 மாடிக் கட்டடம் நிற்கும் இடத்தில் முன்பு கோல்டன் ஷூ கார் நிறுத்துமிடமும் உணவங்காடியும் இருந்தன. அவையும் வருவதற்கு முன்பு, அந்தத் தெருவைத் தமிழர்கள் செட்டித் தெரு என்றுதான் சொன்னார்கள். நாட்டுக்கோட்டை நகரத்தாரின் கிட்டங்கிகள் அங்கே வரிசையாக இருந்தன. கிடங்கு என்ற சொல்லின் உறவுதான் கிட்டங்கி. ஆனால் சிங்கப்பூரில் அது சரக்கறையைக் குறிக்கவில்லை. ஒரே நீளக் கூடத்தில் பல கடைகள் தனித்தனிப் பெட்டியும் அலமாரியும் இரும்புப் பெட்டகமும் வைத்து, பாயில் அமர்ந்து வட்டித் தொழில் நடத்திய இடம் அது. தூங்குவதற்கு மாடி, சாப்பாட்டுக்குப் பொதுச் சமையல்.

சிங்கப்பூர் வணிகச் சங்கம் 1837லும் சீனர் வணிகச் சங்கம் 1906லும் தொடங்கின. சங்கம் என்றால் கூட்டக் குறிப்பும் உறுப்பினர் பட்டியலும் இருக்கும். கிட்டங்கிக்கு இரண்டும் கிடையாது. அதனால் அதன் வரலாற்றை எழுத வருபவர்கள் பெரும்பாலும் நகரத்தார் கட்டிய டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலின் வரலாற்றைத் திரும்பச் சொல்லிவிட்டு நின்றுவிடுகிறார்கள். அதோடு நிற்கத் தேவையில்லை. மனை எண், விலாசம் என்னும் கடைப் பெயர், கூடத்தில் அந்தக் கடை உட்கார்ந்த பெட்டி ஆகிய மூன்றையும் பிடித்துவிட்டால் ஒரு கிட்டங்கியை ஆண்டு வாரியாக எழுத முடியும். கட்டடத்தின் வரலாறாக எழுதத் தொடங்கினால் கைக்குச் சிக்காது, பெட்டி பெட்டியாக எழுத வேண்டும்.

மனை எண்ணிலிருந்து தொடங்குங்கள்

பெரியவர்கள் “49ஆம் நம்பர் கிட்டங்கி” என்று கதவு எண்ணைத்தான் சொல்வார்கள். அதைக் குறித்துக்கொள்ளுங்கள், ஆனால் நம்பி இறங்காதீர்கள். கதவு எண்கள் மாறும். இரண்டு கடைவீடுகள் ஒன்றாகும், ஒன்று இரண்டாகும், மாடிக்கு ஆங்கில எழுத்து சேரும். தெருப் பெயரும் மாறியிருக்கிறது. பக்கத்துச் சூலியா ஸ்ட்ரீட் 1920களின் தொடக்கம்வரை கிளிங் ஸ்ட்ரீட். இந்தியரை இழிவாகச் சுட்டும் சொல் என்பதால் அந்தப் பெயர் இன்று நமக்குக் கசப்பாக இருந்தாலும் பழைய ஆவணத்தைத் தேடும்போது அதையும் போட்டுத்தான் தேட வேண்டும்.

மனைக்கு நகர உட்பிரிவு எண்ணும் மனை எண்ணும் உண்டு. அளவை வரைபடத்திலும் பத்திரத்திலும் நிலம் கையகப்படுத்தும் அறிவிப்பிலும் வருவது இதுதான். தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையத்தளத்தில் பழைய அளவை வரைபடங்கள் இருக்கின்றன. 10 அல்லது 15 ஆண்டு இடைவெளியில் மூன்று வரைபடங்களை எடுத்து, தெருமுனையிலிருந்து கடைவீடுகளை எண்ணி, உங்கள் மனையைக் குறியுங்கள். முனையிலிருந்து எண்ணுவது முக்கியம். நடுவிலிருந்து ஊகித்தால் ஒரு வீடு தள்ளிப் போய்விடும். பிறகு ஆறு மாதம் பக்கத்து வீட்டுக்காரரின் வரலாற்றைத் திரட்டிக்கொண்டிருப்பீர்கள்.

மனை எண் கிடைத்ததும் சிங்கப்பூர் நில ஆணையத்தில் பத்திரப் பதிவுகளைக் கட்டணம் செலுத்திப் பார்க்கலாம். இங்கே ஒரு பிழை அடிக்கடி நடக்கிறது. பத்திரத்தில் இருக்கும் பெயரைக் கிட்டங்கிக்காரர் என்று எழுதிவிடுவார்கள். உரிமையாளர் வேறு, குடியிருந்தவர்கள் வேறு. கூடத்தில் உட்கார்ந்தவர்கள் வாடகைக்காரர்களாக இருக்கலாம், வீட்டுக்காரர் வேறு இனத்தவராகவும் இருக்கலாம். இன்னொன்று: அடமானப் பத்திரத்தில் செட்டியார் பெயர் வந்தால் அவர் அந்த மனைக்குக் கடன் கொடுத்தவர், அவ்வளவுதான். மீட்புப் பத்திரம் பதிவாகியிருக்கிறதா என்று பார்க்காமல் மனை அவருக்குச் சொந்தமானதாக எழுதக் கூடாது.

கட்டட வரைபடங்கள் 1884 முதல் நகராட்சிக்குக் கொடுக்கப்பட்டவை. காப்பகத்தில் நுண்படச் சுருளாகப் பார்க்கலாம். ஒரு புதுச் சுவர், ஒரு மாடிப்படி, பின்பக்கக் கழிவறை என்று சின்னச் சின்ன வேலைக்கெல்லாம் வரைபடம் கொடுத்திருப்பார்கள். அந்தச் சின்ன வேலைகள்தான் நமக்கு வேண்டியவை. சமையலறை எங்கே இருந்தது, கூடம் எவ்வளவு நீளம், காற்றுவெளி எங்கே திறந்தது என்பதெல்லாம் அவற்றில் தெரியும். புதுச் சுவரைச் சிவப்பிலும் மரவேலையை மஞ்சளிலும் தீட்டுவது அக்கால வழக்கம், ஆனால் கறுப்பு வெள்ளைச் சுருளில் அந்த வேறுபாடு மறைந்துவிடும். நகலில் அளவுகோல் வைத்து அளக்கவும் வேண்டாம், நகலெடுக்கும்போதே அளவு மாறிவிடும். வரைபடத்தில் எழுதியிருக்கும் அடி, அங்குலத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

விலாசத்தைப் படிக்கும் வகை

நகரத்தார் வணிகத்தில் விலாசம் என்பது முகவரி அல்ல, கடையின் பெயர். முன்னோர் பெயர்களின் தலையெழுத்துகளைக் கோத்து வருவது. பேச்சில் அதை ஆனா, ரூனா, மூனா, சூனா, லேனா என்று சொல்வார்கள். ஒரே கடை நீதிமன்ற ஆவணத்தில் ஆங்கிலத் தலையெழுத்தாகவும், செய்தித்தாள் விளம்பரத்தில் “ஆனா மூனா” என்று உச்சரிப்பை அப்படியே எழுதியும், கணக்கேட்டில் தமிழ் எழுத்தாகவும் இருக்கும். மூன்றும் ஒன்று என்று தெரியாமல் மூன்று கடைகளாகப் பட்டியலிட்டால் வேலை அத்தனையும் வீண்.

ஆங்கில எழுத்துகளில் ஒரு நுட்பம் இருக்கிறது. இரண்டு எழுத்து சேர்ந்து ஒரே பெயரைக் குறிக்கும். சிடி. என்றால் சிதம்பரம், பிஎல். என்றால் பழனியப்பன், ஆர்எம். என்றால் ராமநாதன் அல்லது ராமசாமி. எல்லாருக்கும் தெரிந்த எம்.சிடி.எம். என்ற விலாசத்தில் மூன்று பெயர்கள்தான், நான்கு அல்ல. புள்ளி எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தே தலைமுறைக் கணக்கு வரும். பழைய அச்சில் புள்ளிகள் கண்டபடி விழுந்திருக்கும். எனவே அச்சை மட்டும் நம்பாமல், முத்திரையிலோ கணக்கேட்டின் முதல் பக்கத்திலோ சரிபாருங்கள்.

பாகப் பிரிவினை நடந்தால் பழைய விலாசத்தோடு ஓர் எழுத்து கூடும். அண்ணன் ஓர் எழுத்தையும் தம்பி வேறோர் எழுத்தையும் சேர்த்துக்கொண்டு அதே கூடத்தில் அடுத்தடுத்த பெட்டியில் உட்காரலாம். ஆகவே எழுத்து நீண்டால் கடை பெரிதாகிவிட்டது என்று பொருளில்லை. குடும்பம் பிரிந்ததா என்று பாருங்கள்.

இதைவிடப் பெரிய குழப்பம் முதலாளிக்கும் ஏஜெண்டுக்கும் இடையில் வருவது. முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். இங்கே பெட்டியில் உட்கார்ந்தவர் அவரிடம் அதிகாரப் பத்திரம் பெற்ற மேலாள். அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று கீழே வரிசை போகும். மேலாளின் தவணை பெரும்பாலும் மூன்று ஆண்டு. தவணை முடிந்தால் ஊர் திரும்புவார், வேறொருவர் வருவார். ஆவணத்தில் ஒரு பெயர் மூன்றாண்டு தெரிந்து திடீரென்று காணாமல் போனால் “நொடித்துப்போனார்” என்று எழுதத் துணியாதீர்கள். அவர் கப்பலேறி வீட்டுக்குப் போயிருப்பார். விலாசம் தொடர்கிறதா என்பதை மட்டும் பாருங்கள்.

இதற்காக ஓர் அட்டவணை போட்டுக்கொள்வது நல்லது. ஒரு வரிக்கு ஒரு சான்று. நாள், விலாசம் (ஆவணத்தில் இருக்கிறபடியே), ஆள் பெயர், அவர் முதலாளியா மேலாளா, கதவு எண், மனை எண், எந்த ஆவணம், எந்தப் பக்கம் என்று எட்டுப் பத்திகள். திருத்திய எழுத்துக்கூட்டலைத் தனிப் பத்தியில் வையுங்கள், மூலத்தின் மேல் எழுதிவிடாதீர்கள். 200 வரி சேர்ந்ததும் விலாசப்படி வரிசைப்படுத்தினால் எந்தக் கடை எந்தக் கூடத்தில் எத்தனை ஆண்டு இருந்தது என்று தானே புலப்படும்.

கணக்கேடு கையில் கிடைத்தால்

இதுதான் பொக்கிஷம். இதைப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருவதால், படிக்கும் முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

முதலில் ஏட்டின் வகையைத் தெரிந்துகொள்ளுங்கள். அன்றாடம் நடந்ததை எழுதுவது குறிப்பு அல்லது நாள்வழி. ஆள்வாரியாகப் பிரித்து எழுதுவது பேரேடு. வட்டியைத் தனியாகக் கணக்கிடுவது வட்டிச் சிட்டை. ஆண்டு முடிவில், அல்லது மேலாள் தவணை முடிந்து பொறுப்பு ஒப்படைக்கும்போது, போடுவது ஐந்தொகை. நேரம் குறைவென்றால் ஐந்தொகையை முதலில் படியுங்கள். கடையின் முழு நிலையும் சில பக்கங்களில் இருக்கும்.

பக்கத்தின் உச்சியில் இருக்கும் “உ” பிள்ளையார் சுழி, இரண்டு என்ற எண் அல்ல. சிரிக்க வேண்டாம், ௨ என்ற எண்ணும் அதே உருவந்தான். தமிழ் எண்கள் பல எழுத்துகளைப் போலவே இருக்கும்: ௧ என்பது க, ௪ என்பது ச, ௭ என்பது எ, ௮ என்பது அ. ஒரு விலாசத்தின் “எ அ” 78 ஆகிவிடும், 78 வெள்ளி (டாலர்) ஒரு விலாசம் ஆகிவிடும். இடத்தை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். ஆள் பெயருக்கு முன்னால் வந்தால் விலாசம், ௹ என்ற ரூபாய்க் குறிக்குப் பின்னால் வந்தால் தொகை. பழைய முறையில் பத்து ௰, நூறு ௱, ஆயிரம் ௲ என்று தனிக் குறிகள் உண்டு. 1927 என்பதை ௲௯௱௨௰௭ என்று எழுதியிருப்பார்கள். சுழியம் போட்டுப் படித்துப் பழகியவர்கள் இங்கேதான் தடுமாறுவார்கள். பின்னத்தில் அரை, கால், அரைக்கால், மாகாணி ஆகியவை அடிக்கடி வரும். மாகாணி 16இல் ஒரு பங்கு.

௳ நாள், ௴ மாதம், ௵ வருடம், ௶ பற்று, ௷ வரவு, ௸ மேற்படி. இந்த ஆறு குறிகளையும் ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் பெயரில் வரவு என்றால் அவரிடமிருந்து கடைக்கு வந்த பணம், பற்று என்றால் அவர் வாங்கிச் சென்றது. ஆங்கிலக் கணக்கில் இடப்பக்கம் இது, வலப்பக்கம் அது என்று பழகிய கண்ணோடு பார்த்தால் கடன்காரரையும் வைப்பு வைத்தவரையும் மாற்றி எழுதிவிடுவீர்கள். பக்கத்தைப் பார்க்காமல் குறியைப் பாருங்கள்.

ஆண்டு 60 ஆண்டுச் சுழற்சியில் வரும். பிரபவ ஆண்டு 1867, 1927, 1987 சித்திரையில் தொடங்கியது. அதிலிருந்து எண்ணிக்கொள்ளலாம். இரண்டு இடத்தில் கால் வழுக்கும். முதலாவது, பெயர் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பும் என்பதால் காளயுக்தி என்றிருந்தால் 1858ஆகவும் இருக்கலாம், 1918ஆகவும் இருக்கலாம். இரண்டாவது, தமிழ் ஆண்டு ஏப்ரல் நடுவில் பிறப்பதால் தை, மாசி, பங்குனி மூன்றும் அடுத்த ஆங்கில ஆண்டில் விழும். டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலின் குடமுழுக்கு 1859 ஏப்ரல் 4இல் நடந்தது. அது சித்திரை பிறப்பதற்குச் சில நாள் முந்தி, அதாவது காளயுக்தி ஆண்டுப் பங்குனியில். காளயுக்தி என்றதும் 1858 என்று எழுதினால் ஓராண்டு பிசகிவிடும். மாதம் இல்லாமல் ஆண்டு மட்டும் இருந்தால் 1858–59 என்று இரண்டையும் சேர்த்தே எழுதுங்கள்.

பணத்திலும் கவனம் வேண்டும். ஊர்க்கணக்கு ரூபாயில், இங்குள்ள கணக்கு வெள்ளியில். ஒரே ஏட்டில் இரண்டும் கலந்து வரும், கூட்டிவிடாதீர்கள். 1906 முதல் நீரிணைக் குடியேற்ற வெள்ளி 2 ஷில்லிங் 4 பென்ஸ் என்று நிலைநிறுத்தப்பட்டது. ரூபாய் 1 ஷில்லிங் 4 பென்ஸாக இருந்த முதல் உலகப் போருக்கு முந்திய ஆண்டுகளில் 100 வெள்ளிக்கு 175 ரூபாய். 1927இல் ரூபாய் 1 ஷில்லிங் 6 பென்ஸ் ஆனபின் 100 வெள்ளிக்கு ஏறத்தாழ 155 ரூபாய் 9 அணா. இடையில் இருக்கும் போர்க்கால, போருக்குப் பிந்திய ஆண்டுகளுக்கு இந்தச் சூத்திரம் உதவாது. அந்தக் கால ரூபாயின் விலை ஏறி இறங்கியதால், ஏட்டிலேயே உண்டியல் (பணம் அனுப்பும் சீட்டு) வரியில் எழுதியிருக்கும் மாற்று விகிதத்தைத் தேடி எடுக்க வேண்டும். வட்டி மாதத்துக்கு நூற்றுக்கு இவ்வளவு என்று இருக்கும். “நூற்றுக்கு முக்கால்” என்பதை ஆண்டுக்கு 9 விழுக்காடு என்று மாற்றி எழுதுங்கள், மூலத்தையும் பக்கத்தில் வையுங்கள்.

1942 பிப்ரவரி 15 முதல் 1945 செப்டம்பர்வரையிலான பக்கங்களில் ஜப்பானியர் ஆட்சியில் வெளியிட்ட வாழைமர நோட்டுக் கணக்கு இருக்கும். அந்தக் காலத்தில் பெருந்தொகைக் கடன்கள் சடசடவென்று அடைந்ததாகத் தெரிந்தால் கடை செழித்தது என்று நினைக்கக் கூடாது. மதிப்பிழந்த தாளைக் கொடுத்துக் கடனை முடித்துக்கொண்டார்கள். இதனால் எழுந்த வழக்குகளைத் தீர்க்க 1948இல் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது.

ஏட்டைக் கையாளும் முறை சுருக்கமாக: கிழிந்த இடத்தில் ஒட்டுநாடா போடாதீர்கள், தாளுக்கு மேல் பிளாஸ்டிக் உறை உருக்கி ஒட்டக் கொடுக்காதீர்கள். நம்மூர் ஈரப்பதத்தில் பிளாஸ்டிக் பையில் மூடிவைத்தால் பூஞ்சை பிடிக்கும். அமிலமில்லாத் தாளில் சுற்றி, குளிர்சாதன அறையில் தரையிலிருந்து தள்ளி வையுங்கள். இராமபாணப் பூச்சி இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். படமெடுக்கும்போது கைப்பேசியை நேர் மேலே நிறுத்தி, பக்கவாட்டு வெளிச்சத்தில், ஓர் அளவுகோலும் பக்கத்தில் தெரியும்படி எடுங்கள். வெற்றுப் பக்கத்தையும் விடாமல் எடுங்கள், இல்லாவிட்டால் பின்னால் பக்க வரிசையில் சந்தேகம் வரும்.

வெளியிடும்போது கடன்பட்டவர்களின் பெயரை நீக்கிவிடுங்கள். அவர்களுடைய பேரன் பேத்திகள் இதே ஊரில் இருக்கிறார்கள். தொகையும் தொழிலும் ஆண்டும் போதும்.

செய்தித்தாளும் அரசிதழும்

தேசிய நூலகத்தின் செய்தித்தாள் தளத்தில் ஆங்கில ஏடுகளை இலவசமாகத் தேடலாம். செட்டி என்ற சொல்லின் ஆங்கில முடிவு ஒய், ஐ, ஒய்-ஏ-ஆர், ஐ-ஏ-ஆர் என்று பலவாறு இருக்கும், நான்கையும் தனித்தனியாகப் போடுங்கள். எழுத்துணரி (அச்சைப் படிக்கும் மென்பொருள்) பழைய அச்சில் தவறிழைப்பதால் விலாசத்தை மட்டும் போட்டால் கிடைக்காது. தெருப் பெயரையும் ஆண்டையும் போட்டு வடிகட்டிக் கண்ணால் பாருங்கள். நீதிமன்றச் செய்தி, ஏலம், அதிகாரப் பத்திர ரத்து அறிவிப்பு ஆகிய மூன்றிலும்தான் கிட்டங்கி முகவரி மிகுதியாக வரும். “இன்னாருக்குக் கொடுத்த அதிகாரம் இன்று முதல் செல்லாது” என்ற இரண்டு வரி விளம்பரம் ஒரு மேலாளின் தவணை முடிந்த நாளையே தந்துவிடும்.

தைப்பூசக் காலமான ஜனவரி, பிப்ரவரி இதழ்களைத் தவறாமல் புரட்டுங்கள். தைப்பூசத்துக்கு முந்திய நாளான செட்டிப்பூசத்தன்று வெள்ளி இரதம் போன பாதை மார்க்கெட் ஸ்ட்ரீட் வழியாக இருந்ததால் தெருவின் பெயர் அந்தச் செய்திகளில் வரும். தமிழில் 1887 முதல் 1890வரை வெளிவந்த சிங்கை நேசனும், 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசும் இருக்கின்றன. முரசின் பழைய இதழ்களுக்கு விக்டோரியா ஸ்ட்ரீட்டில் உள்ள லீ கொங் சியான் மேற்கோள் நூலகத்தின் நுண்படச் சுருளே பாதுகாப்பான வழி.

கிட்டங்கியின் முடிவை அரசிதழில் தேடுங்கள். 1966இன் நிலக் கையகப்படுத்தும் சட்டத்தின்படி வெளியான அறிவிப்புகளில் மனை எண்ணும் பரப்பளவும் இருக்கும். 1970களில் கோல்டன் ஷூ பகுதி மறுசீரமைக்கப்பட்டபோது எந்த மனை எப்போது போனது என்று அங்கே தெரியும். முதலில் மனை எண்ணைத் தேடச் சொன்னது இதற்காகவும்தான், அறிவிப்பில் கிட்டங்கி என்ற சொல் இருக்காது. ஆட்கள் குறைந்தது அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 1953 ஆகஸ்டில் குடிநுழைவு விதி இறுகியபின் ஊரிலிருந்து புதிய அடுத்தாளைக் கொண்டுவருவது கடினமானது. கட்டடம் இடிந்த ஆண்டை மட்டும் முடிவாகக் காட்டினால் இந்தத் தேய்மானம் மறைந்துவிடும்.

பெரியவர்களிடம் கேட்பது

முதலில் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று மையத்தில் ஏற்கெனவே பதிவாகியிருப்பதைக் கேட்டுவிடுங்கள். 1979 முதல் எடுத்த பதிவுகள், தமிழிலும் இருக்கின்றன. அதில் இருக்கும் கேள்வியையே திரும்பக் கேட்டு ஒரு முதியவரைக் களைப்படையச் செய்யக் கூடாது.

போகும்போது பெரிய தாளும் பென்சிலும் கொண்டுபோங்கள். “அந்தக் காலம் எப்படி இருந்தது, ஐயா?” என்று கேட்டால் எல்லாரும் சொல்லும் பதில்தான் வரும். “வாசலில் நுழைந்ததும் வலப்பக்கம் முதல் பெட்டி யாருடையது?” என்று கேளுங்கள். தாளில் நீளக் கூடத்தை வரைந்து பெட்டிகளை ஒவ்வொன்றாக நிரப்பச் சொல்லுங்கள். இரும்புப் பெட்டகம் எந்தச் சுவரோரம், சாமி படம் எங்கே, குளிக்க யார் முதலில் போவார், எத்தனை பந்தி, ஊரிலிருந்து கடிதம் வந்தால் யார் பிரிப்பார் என்று கேட்டுக்கொண்டே போகலாம். கை வரையும்போது நினைவு பின்னாலேயே வரும். அமர்வு ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. இரண்டாவது முறை போகும்போது முதல் படத்தைக் காட்டாமல் மறுபடி வரையச் சொல்லி இரண்டையும் ஒப்பிடுங்கள். மாறாமல் நிற்கும் பெட்டிகளை உறுதியாகவும் மாறுவதைக் கேள்விக்குறியோடும் பதியுங்கள். வரைபடத்தில் கண்ட கூட நீளத்துக்குள் அத்தனை பெட்டியும் அடங்குகிறதா என்று பார்த்தால் இன்னும் சில பிழைகள் கழியும்.

ஊரில் இருந்த ஆச்சிமாரையும் விட்டுவிடாதீர்கள். அவர்கள் கூடத்தைப் பார்த்ததில்லை என்றாலும், எந்த ஆண்டு யார் கப்பலேறினார், எப்போது திரும்பினார் என்பது பிள்ளைகள் பிறந்த கணக்கோடு அவர்களுக்கு நினைவிருக்கும். மேலாளின் தவணையைச் சரிபார்க்க அதைவிட உறுதியான சான்று கிடைப்பது அரிது.

சமையல்காரரும் எடுபிடிப் பையன்களும் பத்திரத்தில் வரமாட்டார்கள், விலாசத்தில் வரமாட்டார்கள், செய்தித்தாளிலும் வரமாட்டார்கள். கிட்டங்கியின் பொதுச் செலவுக் கணக்கு எங்காவது தப்பியிருந்தால் அரிசி, பருப்பு, விறகு வரிகளுக்கு நடுவே சம்பள வரியைத் தேடுங்கள். பெயரும் மாதத் தொகையும் அங்கேதான் கிடைக்கும். கிடைத்தால் அதே எட்டுப் பத்தி அட்டவணையில், மேலாள் என்று எழுதும் இடத்தில் அடுப்படி என்று எழுதி, மற்றவர்களோடு சேர்த்தே வரிசைப்படுத்துங்கள்.